முடிவிலிருந்து தொடங்குங்கள்: வடசென்னைப் பள்ளியில் வைரஸ் பரிசோதனை நடத்த ஒரு முழு வழிகாட்டி

"மிஸ், நாளைக்கு மூக்குல குச்சி உடப் போறாங்களாமே, மெய்யாலுமா?"

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். ஆமாம் என்றேன். அதோடு பேச்சை முடித்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன். மறுநாள் காலை வகுப்பில் பாதி பெஞ்சு காலி. கொரோனாவுக்காக மூடியிருந்த 1 முதல் 8 வரையிலான வகுப்புகளை 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்திருந்தார்கள். ஏறக்குறைய 19 மாதம் கழித்துத் திரும்பி வந்த பிள்ளைகளை ஒரே ஒரு 'ஆமாம்' சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

சாயந்திரம் வீடு வீடாகப் போய் விசாரித்தேன். குச்சிக்குப் பயந்தவர்கள் ரெண்டு மூன்று பேர்தான். மற்றவர்களுக்கு 2020-இன் நினைப்பு. அந்த வருடம் மே, ஜூன் மாதங்களில் கொரோனா எண்ணிக்கையோடு ராயபுரம் மண்டலத்தின் பெயரை டிவியில் தினமும் சொன்னார்கள். வாசலில் ஒட்டிய ஸ்டிக்கர், குறுக்கே அடித்த தகரம், தெருமுனையில் நின்ற ஆம்புலன்ஸ், 14 நாள் போன கூலி என்று எல்லாமே இங்கே இன்னும் நேற்று நடந்த மாதிரிதான். மீன் விற்கும் ஒரு அம்மா கூடையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "டெஸ்ட் எடுத்தா புள்ளைக்கு நோவு இருக்கா இல்லையானு தெரியும் மிஸ். அடுத்த நாளு அரிசிக்கு இன்னா பண்றதுனு தெரியுமா?"

தெரியாது. அதைப் பற்றி நாங்கள் யோசித்திருக்கவே இல்லை.

அதனால் இந்த வழிகாட்டி கொஞ்சம் தலைகீழாகப் போகும். டெஸ்ட் முடிவு வந்தபின் என்ன நடக்கும் என்பதிலிருந்து ஆரம்பித்து, அப்புறம்தான் குச்சிக்கு வருகிறேன். தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர், பகுதித் தன்னார்வலர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கொரோனா நெருக்கடி நிலையை உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-இல் விலக்கிக்கொண்டது. இதில் உள்ள நாள் கணக்குகள் எல்லாம் அந்தக் காலத்துக் கொரோனாவுக்கு உரியவை. அடுத்து வேறொரு வைரஸ் வந்தால் நாட்களும் மருந்தும் மாறும், அப்போது சுகாதாரத் துறை சொல்வதுதான் கணக்கு. வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்பது மட்டும் மாறாது என்று நினைக்கிறேன்.

படி 1: பாசிட்டிவ் வந்தால் அடுத்த 24 மணி நேரம்

ஒரு நோட்டை எடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பள்ளியில் படிக்கும் ஏதாவது ஒரு பிள்ளையை நினைத்துக்கொண்டு, இன்று மாலை 5 மணிக்கு அந்தப் பிள்ளைக்குப் பாசிட்டிவ் என்று முடிவு வந்தால் நாளை மாலை 5 மணிக்குள் அந்த வீட்டில் என்னென்ன நடக்கும் என்று எழுதுங்கள். பதில் இல்லாத இடத்தில் கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோடுகளை நிரப்பிய பிறகுதான் டெஸ்ட் தேதியைப் பேச வேண்டும்.

முதல் கோடு சாப்பாடு. பிள்ளை வீட்டில் இருந்தால் பள்ளியில் கிடைக்கும் ஒரு வேளைச் சோறும் முட்டையும் போய்விடும். பள்ளிகள் மூடியிருந்தபோது சத்துணவுப் பிள்ளைகளுக்கு அரிசி, பருப்பை உலர் பொருளாகக் கொடுத்தார்கள். தனிமையில் இருக்கும் பிள்ளைக்கும் அப்படிக் கொடுக்க வழி உண்டா என்று சத்துணவு அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். "பார்க்கலாம்" என்று சொன்னால் அதை இல்லை என்றே எடுத்துக்கொண்டு, பகுதியில் உள்ள சங்கத்திடமோ இளைஞர் மன்றத்திடமோ பேசுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை, சோப்பு வைத்து வாரத்துக்கு ஆகும் பை நாலைந்து கட்டி பள்ளி பீரோவில் இருந்தாலே போதும். எல்லாருக்கும் பாசிட்டிவ் வரப்போவதில்லை.

இரண்டாவது கோடு தண்ணீர். நிறைய வழிகாட்டிகளில் 'நோயாளி வெளியே வரக் கூடாது' என்று ஒரு வரி இருக்கும், அதை எழுதியவர் வீட்டில் குழாய் இருந்திருக்கும். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் பல சந்துகளில் லாரி வரும்போது குடத்தோடு நிற்காவிட்டால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. அந்த வீட்டுக் குடத்தை யார் நிரப்பித் தருவது? பக்கத்து வீட்டுப் பெயரை முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுக் கழிப்பறை என்றால் எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்றும் கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, வேலை. வீட்டுவேலை செய்யும் அம்மாக்களுக்கு 'பிள்ளைக்குக் கொரோனா' என்ற ஒரே வார்த்தையில் நாலு வீடு போய்விடும். சுகாதார நிலைய மருத்துவர் கொடுக்கும் சீட்டில் நோயின் பெயர் இல்லாமல் 'ஓய்வு தேவை' என்று மட்டும் எழுத முடியுமா என்று கேட்டுவையுங்கள். காசிமேட்டுக் குடும்பங்களில் இன்னொன்றும் உண்டு. விசைப்படகில் போன அப்பா திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். மூன்று பிள்ளைகளோடு அம்மா தனியாக இருப்பார். விடியற்காலை ஏலத்துக்கு அவர் போனால் பிள்ளையை யார் பார்ப்பது?

நான்காவது, படுக்கும் இடம். வாரியக் குடியிருப்பின் ஒற்றை அறை வீட்டில் 'தனி அறையில் வைக்கவும்' என்று சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் ஒன்றுதான். ஜன்னல் ஓரத்தில் பிள்ளைக்குப் பாய், மற்றவர்கள் கால்பக்கமாகத் தலை வைத்துப் படுப்பது, பகலில் மொட்டை மாடி அல்லது வராந்தா, எல்லாருக்கும் மாஸ்க், தட்டும் டம்ளரும் தனி. வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அவர்களை உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பலாம், ஆனால் அவர்களுக்கு ஏற்கெனவே தொற்றவில்லை என்று டெஸ்ட் எடுத்துப் பார்த்த பிறகுதான். அரசு சிகிச்சை மையம் இருந்தால் அம்மாவும் கூடத் தங்கலாமா என்று கேளுங்கள். தங்க முடியாது என்றால் பெற்றோரிடம் அதை மறைக்காதீர்கள்.

இதற்கு எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. மற்ற எல்லாப் படிகளுக்கும் சேர்த்து இன்னொரு வாரம்தான்.

படி 2: எதற்காக டெஸ்ட் என்று முடிவு செய்யுங்கள்

மூன்று காரணங்கள் உண்டு, மூன்றும் வேறு வேறு. காய்ச்சல், இருமல் உள்ள பிள்ளைக்கு என்ன என்று அறிய எடுப்பது ஒன்று. பாசிட்டிவ் வந்த பிள்ளையோடு உட்கார்ந்தவர்களைப் பார்ப்பது இரண்டு. அறிகுறியே இல்லாத எல்லாரையும் சும்மா சோதித்துப் பார்ப்பது மூன்று. இந்த மூன்றாவதில்தான் மேலிடத்துக்கு ஆசை அதிகம், 'முழுப் பள்ளிக்கும் எடுத்தாயிற்று' என்று கணக்குக் காட்டலாம் இல்லையா. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. காரணத்தைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

500 பிள்ளைகள் உள்ள பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 5 பேருக்குத் தொற்று. ஆன்டிஜென் கிட் (தொற்று இருந்தால் கோடு விழும் உடனடி டெஸ்ட் அட்டை) 100 தொற்றாளரில் 70 பேரைப் பிடிக்கும், தொற்று இல்லாத 100 பேரில் ஒருவரைத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும் என்றும் வைத்துக்கொள்வோம். 5 பேரில் 3 அல்லது 4 பேர் பிடிபடுவார்கள். மீதி 495 பேரில் கிட்டத்தட்ட 5 பேருக்குச் சும்மாவே கோடு விழும். அதாவது பாசிட்டிவ் என்று வீட்டுக்கு அனுப்பும் 8, 9 பேரில் பாதிக்கு மேல் நோயே இல்லாதவர்கள். அந்த 5 வீட்டிலும் கூலி போகும், தெருவில் பேச்சு கிளம்பும்.

தொற்று பரபரவென்று ஏறும் வாரங்களில் இதே கணக்கு மாறிவிடும். 500-இல் 50 பேருக்குத் தொற்று என்றால் 35 பேர் சரியாகப் பிடிபடுவார்கள், தவறாக மாட்டுவது 4, 5 பேர்தான். ஆகவே தொற்று குறைவாக இருக்கும்போது அறிகுறி உள்ளவர்களுக்கும் நெருங்கிய தொடர்புக்கும் மட்டும், வார்டில் எண்ணிக்கை ஏறும்போது வகுப்பு வகுப்பாக. எங்கள் பள்ளியில் இப்படித்தான் வைத்துக்கொண்டோம்.

படி 3: எந்த டெஸ்ட்

ஆர்டி-பிசிஆர் என்றால் மூக்கு, தொண்டையில் எடுத்த மாதிரி ஆய்வகம் போக வேண்டும், முடிவு வர ஒரு நாள், ரெண்டு நாள். நம்பகமானது. மற்ற மாநிலங்கள் ஆன்டிஜெனை வைத்து எண்ணிக்கையைக் கூட்டியபோதும் தமிழ்நாடு பெரும்பாலும் ஆர்டி-பிசிஆரையே பிடித்துக்கொண்டது. இதில் ஒரே சிக்கல், நோய் போன பிறகும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். வைரஸின் உடைந்த துண்டுகளையும் அது கண்டுபிடித்துவிடுவதுதான் காரணம்.

ஆன்டிஜென் அட்டை 15 நிமிடத்தில் சொல்லிவிடும். மற்றவருக்குப் பரப்பும் அளவுக்கு வைரஸ் நிறைய இருக்கும் நாட்களில்தான் நன்றாகப் பிடிக்கும். அறிகுறி உள்ள பிள்ளைக்கு அட்டையில் நெகட்டிவ் வந்தால் அதை நம்பி உட்கார வைக்காதீர்கள், ஆர்டி-பிசிஆருக்கு அனுப்புங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் விதியும் அதுதான்.

இங்கிலாந்தில் 2021-இல் 201 பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. தொற்றாளரோடு பழகிய மாணவர்களை வீட்டுக்கு அனுப்பாமல், தினமும் ஆன்டிஜென் டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் என்றால் வகுப்பில் உட்கார விட்டார்கள். அதனால் தொற்று குறிப்பிடும்படி கூடிவிடவில்லை. நல்ல யோசனைதான். ஆனால் அங்கே கிட் இலவசம். இங்கே முதலில் வந்த வீட்டு டெஸ்ட் கிட்டின் விலை 250 ரூபாய். ஒரு பிள்ளைக்கு 7 நாள் என்றால் 1,750 ரூபாய். அரசு கிட் கொடுத்தால் மட்டுமே இதைப் பற்றி யோசியுங்கள், பெற்றோரை வாங்கி வரச் சொல்லாதீர்கள்.

ஐந்து பேர் மாதிரியை ஒன்றாகக் கலந்து சோதிக்கும் முறையும் உண்டு. தொற்று 2 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் இடங்களில் அப்படிச் செய்யலாம் என்று 2020 ஏப்ரலிலேயே அனுமதித்தார்கள். கலவை பாசிட்டிவ் என்றால் ஐவரையும் தனித்தனியே பார்க்க வேண்டும். 'உன் பிள்ளைக்கு மறுபடியும் டெஸ்ட்' என்று ஐந்து வீட்டுக்குச் சொல்ல வேண்டி வரும். அதற்குக் காரணம் என்னவென்று முன்பே விளக்கிவிடுங்கள்.

படி 4: யாரிடம் பேசுவது

திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று அந்தச் சமயத்தில் வடசென்னைப் பக்கம் இருந்தவை மாநகராட்சியின் முதல் ஆறு மண்டலங்கள். உங்கள் மண்டல சுகாதார அலுவலர், உங்கள் வார்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவர் இருவரையும் நேரில் பாருங்கள், போனில் வேண்டாம். மாதிரி எடுப்பது பயிற்சி பெற்ற ஊழியரின் வேலை. ஆள் பற்றாக்குறை என்று ஆசிரியர் கையில் குச்சியைக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். 104, 108, மாநகராட்சியின் 1913 ஆகிய எண்களை ஒவ்வொரு வகுப்பிலும் எழுதி ஒட்டுங்கள்.

படி 5: பெற்றோரின் சம்மதம்

கூட்டத்தைப் பிற்பகல் 3 மணிக்கு வைத்தால் வருபவர்கள் ஏற்கெனவே சம்மதம் சொல்லியவர்களாகத்தான் இருப்பார்கள். மீன் விற்பவர் மதியம் தூங்கும் நேரம் அது. கட்டட வேலைக்குப் போனவர் 6 மணிக்கு மேல்தான் திரும்புவார். மாலை 7 மணிக்கு, பள்ளியில் இல்லாமல் தெருவிலேயே, கோயில் வாசலிலோ சர்ச் வாசலிலோ மசூதிப் பக்கமோ வையுங்கள். காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம், அன்றைக்குத்தான் மார்க்கெட்டில் வியாபாரம்.

தாளை நீட்டிக் கைநாட்டு வாங்குவது சம்மதம் ஆகாது. வாசித்துக் காட்ட வேண்டும். சில வீடுகளில் தெலுங்கில், மணலி, மாதவரம் பக்கம் சில வீடுகளில் இந்தியில் சொல்ல ஆள் வேண்டியிருக்கும். அந்த வீட்டுப் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். தனக்குப் பிடிக்காததைப் பிள்ளை சாமர்த்தியமாக விட்டுவிடும். நாங்கள் பயன்படுத்திய தாள் இவ்வளவுதான்:

"உங்கள் பிள்ளையின் மூக்கிலிருந்து பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுக்கப் போகிறோம். எடுப்பவர் சுகாதார நிலைய ஊழியர். காசு கிடையாது. சில நொடி கூசும், கண்ணில் தண்ணீர் வரும். முடிவு உங்களுக்கும் தலைமையாசிரியருக்கும் சுகாதாரத் துறைக்கும் மட்டும் தெரியும். தொற்று இருந்தால் பிள்ளை 7 நாள் வீட்டில் இருக்க வேண்டும். அந்த 7 நாளுக்கு அரிசி, பருப்பு தருகிறோம். வேண்டாம் என்று சொன்னாலும் பிள்ளை வழக்கம்போல் வகுப்புக்கு வரலாம்."

'சுகாதாரத் துறைக்கும்' என்ற சொல்லை எடுத்துவிடலாமே, அதைக் கேட்டால்தான் பயப்படுகிறார்கள் என்று எங்களில் ஒருவர் சொன்னார். எடுக்கவில்லை. பாசிட்டிவ் முடிவு துறைக்குப் போயே தீரும். அதை மறைத்து வாங்கிய கையெழுத்தை வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் வீட்டுக்கு ஊழியர் வந்து நிற்கும்போது எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பது?

கடைசி வாக்கியத்தையும் காப்பாற்றுங்கள். சம்மதிக்காத வீட்டுப் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்தால் அது மிரட்டல்தான். பெற்றோர் சரி என்று சொல்லியும் பிள்ளை அன்று முடியாது என்று அழுதால் விட்டுவிடுங்கள். இன்னொரு நாள் பார்க்கலாம்.

படி 6: பட்டியலும் போன் நம்பரும்

முடிவு குறுஞ்செய்தியாக வரும், சில சமயம் மாதிரி பதியும்போதே ஓடிபி கேட்கும். பள்ளிப் பதிவேட்டில் உள்ள நம்பரோ கடலில் இருக்கும் அப்பாவுடையது, அல்லது ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போனது, அல்லது அடகுக் கடையில் இருக்கிறது. டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்பு ஒவ்வொரு நம்பருக்கும் கூப்பிட்டுப் பாருங்கள். எடுக்காதவர்களுக்குப் பக்கத்தில் யாருடைய நம்பர் கொடுக்கலாம் என்று அம்மாவிடமே கேளுங்கள். வீட்டு ஓனர் நம்பர் மட்டும் வேண்டாம். பாசிட்டிவ் என்று முதலில் தெரிந்துகொள்பவர் வாடகைக்கு விட்டவராக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது பெயர். ஒரே வகுப்பில் எங்களுக்கு ரெண்டு எஸ். கார்த்திக் இருந்தார்கள். பட்டியலில் பெயரும் இனிஷியலும் மட்டும் எழுதிக் கொடுத்தோம். முடிவு இடம் மாறிப்போய், நன்றாக இருந்த கார்த்திக் மூன்று நாள் வீட்டில் அடைந்து கிடந்தான், தொற்று இருந்தவன் மூன்று நாள் வகுப்பில் இருந்தான். தப்பு எங்கள் பக்கம்தான். அதற்கப்புறம் எமிஸ் எண் (கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கும் எண்), பிறந்த தேதி, அம்மா பெயர் மூன்றையும் பட்டியலில் சேர்த்தோம். குழாயில் ஒட்டும் எண்ணைப் பிள்ளையின் கையிலும் பேனாவால் எழுதிவிட்டால், குழாயை மூடும் முன் ரெண்டையும் ஒத்துப் பார்த்துவிடலாம்.

படி 7: இடமும் நேரமும்

மூடிய அறை வேண்டாம். வேப்பமர நிழல், திறந்த வராந்தா, எது இருந்தாலும் சரி. ஊழியரின் முதுகுப் பக்கமிருந்து காற்று வரும்படி நாற்காலியைப் போடுங்கள். ஒரு வழியாக வந்து இன்னொரு வழியாகப் போக வேண்டும். மாதிரி எடுப்பதைக் காத்திருக்கும் பிள்ளைகள் பார்க்கக் கூடாது. ஒன்று அழுதால் வரிசை முழுக்க அழும்.

வெயிலை மறக்காதீர்கள். ஆன்டிஜென் கிட்டை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி அட்டைப் பெட்டியிலேயே போட்டிருக்கும். சித்திரை மாதத்துத் தகரக் கூரை ஸ்டோர் ரூம் அதற்கு ஆகாது. ஆர்டி-பிசிஆர் குழாய்கள் 2 முதல் 8 டிகிரி இருக்கும் ஐஸ் பெட்டியில் உடனே போக வேண்டும். ஐஸ் பேக் உருகினால் மாற்ற இன்னொரு ஜோடி இருக்கிறதா என்று காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொண்டையில் குச்சி பட்டால் குமட்டும், ஆகவே சாப்பிட்ட உடனே எடுக்கக் கூடாது. ஆனால் நம் பிள்ளைகளில் பலர் வெறும் வயிற்றோடு வருபவர்கள், காத்திருந்து மயங்கி விழுவார்கள். காலை உணவு போடும் பள்ளி என்றால் அது முடிந்து ஒரு மணி நேரம் கழித்து ஆரம்பித்து, மதியச் சோற்றுக்கு முன் முடித்துவிடலாம். 10 முதல் 12 வரை எங்களுக்குச் சரியாக அமைந்தது. காலை உணவு இல்லாத வகுப்புகளுக்கு ரெண்டு பிஸ்கட், தண்ணீர் கொடுத்து அரை மணி நேரம் கழித்து அழைத்தோம்.

படி 8: குச்சி

முதல் ஆளாக நீங்கள் உட்காருங்கள், பிள்ளைகள் பார்க்கும்படி. இது ஒன்றை மட்டும் அவர்கள் பார்க்கலாம். எனக்கு எடுத்தபோது கண்ணில் தண்ணீர் கொட்டி, அடக்க முடியாமல் ரெண்டு தும்மல் போட்டேன். வகுப்பே சிரித்தது. அப்புறம் ஒரு பயல்கூட பின்வாங்கவில்லை.

வலிக்குமா என்று கேட்டால் வலிக்காது என்று சொல்லாதீர்கள். "குளத்துல குதிச்சா மூக்குல தண்ணி ஏறுமே, அந்த மாதிரி இருக்கும். பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள். தலையின் பின்பக்கம் நாற்காலியிலோ சுவரிலோ சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குச்சி போகப் போகத் தலையும் பின்னால் போகும். குச்சி மூக்கின் தரையோடு நேராகப் பின்னால் போக வேண்டும், மேல்நோக்கிப் போகக் கூடாது. தடை பட்டால் அழுத்தாமல் அடுத்த துவாரத்தைப் பார்ப்பார்கள். அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும் பிள்ளை, சமீபத்தில் மூக்கில் அடிபட்ட பிள்ளை இருந்தால் ஊழியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளை என்றால் வகுப்பாசிரியர் மடியில் வைத்துக்கொள்ளலாம். கையை இறுக்கிப் பிடிக்க வேண்டாம், பிள்ளையின் கை உங்கள் கையைப் பிடித்திருக்கட்டும்.

ஆன்டிஜென் அட்டையை 15-ஆவது நிமிடம் பார்க்க வேண்டும். 20 நிமிடம் தாண்டி மெல்லத் தலைகாட்டும் கோட்டை நம்பக் கூடாது. கிட்டுக்குக் கிட்டு நேரம் மாறும், உள்ளே இருக்கும் தாளைப் படியுங்கள். அட்டைகளை வரிசையாக மேசையில் பரப்பி வைக்காதீர்கள். பிள்ளைகள் எட்டிப் பார்த்து, யாருக்கு ரெண்டு கோடு என்று நமக்கு முன்னால் தெரிந்துகொள்வார்கள்.

படி 9: முடிவைச் சொல்வது

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எதுவும் போகக் கூடாது. 'ஒரு மாணவருக்கு உறுதி' என்று பெயர் போடாமல் போட்டாலும் பத்து நிமிடத்தில் பெயர் வந்துவிடும். அந்த வீட்டுக்கு நன்றாகத் தெரிந்த ஆசிரியர் போன் செய்யட்டும். முதலில் "புள்ள எப்படி இருக்கான், சாப்பிட்டானா?" அதற்குப் பிறகு முடிவு. அடுத்த மூச்சிலேயே படி 1-இல் எழுதி வைத்தது எல்லாம்: பை இன்று ராத்திரி வரும், தண்ணீர் பக்கத்து வீட்டு அக்கா பிடித்துத் தருவார், நாளை காலை நான் வந்து வாசலில் நின்று பேசுகிறேன். முடியாத எதையும் சொல்லாதீர்கள்.

எதைக் கண்டால் உடனே மருத்துவமனை என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். மூச்சு வாங்குதல், உதடு நீலமாதல், தண்ணீர்கூடக் குடிக்காமல் துவண்டு கிடத்தல், ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே. ஆக்சிமீட்டரை மருதாணியோ நெயில் பாலிஷோ இல்லாத விரலில் மாட்ட வேண்டும். தொற்று வந்து 2 முதல் 6 வாரத்துக்குள் மறுபடி காய்ச்சல், கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு, வயிற்றுவலி வந்தால் அதையும் விடக் கூடாது. சில பிள்ளைகளுக்குக் கொரோனா போன பிறகு வரும் தனி நோய் அது. ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்தில்தான், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் தூரமில்லை. ஆம்புலன்ஸ் தேவைப்பட்டால் சைரன் போடாமல் சந்துக்குள் வரச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் கேட்பார்கள்.

படி 10: திரும்பி வரும் நாள்

2022 ஜனவரியில் மாற்றிய விதிப்படி லேசான தொற்றுக்கு 7 நாள், கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் வெளியே வரலாம், மறுபடி டெஸ்ட் தேவையில்லை. இருந்தும் 'நெகட்டிவ் சர்டிபிகேட் கொண்டுவா' என்று பள்ளிகள் கேட்டன. ஆர்டி-பிசிஆர் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும் என்று மேலே சொன்னேன் இல்லையா, சர்டிபிகேட் கேட்டால் நோய் போன பிள்ளை ஒரு மாதம் வெளியே நிற்கும். அதற்குள் சிலர் வேலைக்குப் போய்விடுவார்கள். வந்த அன்று பழைய பெஞ்சில், பழைய இடத்தில் உட்கார வையுங்கள். யாராவது 'கொரோனா' என்று பட்டப்பெயர் வைத்தால் முதல் தடவையிலேயே நிறுத்திவிட வேண்டும், ஒரு வாரம் விட்டால் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

படி 11: குப்பை

பலர் இதைக் கடைசி வரியில் எழுதிவிட்டுப் போவார்கள். எங்களுக்கு அப்படி முடியாது. பள்ளிக் குப்பைத் தொட்டி கொடுங்கையூர் கிடங்குக்குப் போகிறது. அங்கே பொறுக்கிப் பிரிப்பவர்களில் எங்கள் மாணவர்களின் அம்மாக்கள் இருக்கிறார்கள். ரெண்டு மூன்று பிள்ளைகள் லீவு நாளில் தாங்களும் போவார்கள். சளி ஒட்டிய குச்சியைப் பள்ளியில் எடுத்து, அவர்கள் கைக்கே அனுப்பி வைப்பதா?

பயன்படுத்திய குச்சி, அட்டை, கையுறை எல்லாம் மருத்துவக் கழிவுக்கான இரட்டைப் பைக்குள் போய், சுகாதார நிலைய ஊழியரோடே திரும்பிப் போக வேண்டும். பை அவர்களே கொண்டுவருவார்களா என்று படி 4-லேயே கேட்டுவிடுங்கள். முகாம் முடிந்ததும் காலி உறைகளை எண்ணுங்கள், பைக்குள் போடும்போதே குச்சியையும் கோடு போட்டு எண்ணி வந்திருக்க வேண்டும். ஒருமுறை எங்களுக்கு 63 உறை இருந்தது, 62 குச்சிதான் கணக்கில் வந்தது. முக்கால் மணி நேரம் தேடினோம். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பயன்படுத்தாத ஒன்றை உறையிலிருந்து உருவி, "எங்க ஆயாவுக்கு மிஸ், அதுக்கும் சளி" என்று டிராயர் பையில் பத்திரமாக வைத்திருந்தான். குச்சியை வாங்கிப் பைக்குள் போட்டு, முடிச்சுப் போட்டு, ஊழியரிடம் கையெழுத்து வாங்கினோம். மறுநாள் காலை 8 மணிக்கு ஆயாவை சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன்.